விரலுக்குத் தக்க வீக்கம்: பழைய பிக்கப்பில் புதிய இஞ்சின்

பழைய வண்டி என்றால் நம்மவர்களுக்குத் தனிப் பாசம். அப்பா முதன்முதலில் வாங்கிய மோட்டார் சைக்கிள், தாத்தா ஓட்டிய வேன், மாமா காய்கறி ஏற்றிய பிக்கப் என்று எதையும் எளிதில் கழித்துவிட மனம் வராது. தோட்டமானாலும் தாமானானாலும், வீட்டுப் பின்புறம் தார்ப்பாய் போர்த்திய ஒரு பழைய வண்டியைப் பார்க்கலாம். அந்த வீட்டுப் பையன் ஸ்பேனர் பிடிக்கக் கற்றுக்கொண்டதும் முதலில் கண் வைப்பது அதன்மீதுதான். "இந்தக் கிழட்டு இஞ்சினைத் தூக்கிவிட்டு ஒரு டர்போ இஞ்சினை உள்ளே வைத்தால் எப்படி இருக்கும்?" என்று கேட்பான்.

கேள்வியில் தவறில்லை. ஜப்பானிலும் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் தென்னாப்பிரிக்காவிலும் இந்த வேலையைப் பலர் செய்திருக்கிறார்கள், நன்றாகவும் செய்திருக்கிறார்கள். ஆனால் பிள்ளைகளும் பெற்றோரும் முதலிலேயே தெரிந்துகொள்ள வேண்டிய உண்மை ஒன்று உண்டு. இஞ்சினை உள்ளே வைப்பது இந்த வேலையில் பாதிகூட ஆகாது. வைத்த இஞ்சினை வண்டி தாங்க வேண்டும்; ஓடும் வண்டி நிற்க வேண்டும். செலவும் உழைப்பும் பெரும்பாலும் அங்கேதான் போகின்றன.

ஒரு சின்ன வண்டியின் வரலாறு

உதாரணத்துக்கு உலகறிந்த ஒரு வண்டியையே எடுத்துக்கொள்வோம். டாட்சன் 1200 பிக்கப்! 1971ஆம் ஆண்டு ஜப்பானில் வெளிவந்தது. 'சன்னி' காரின் முகம், அதற்குப் பின்னால் ஒரு சிறிய சுமைத்தட்டு. வண்டியின் எடை சுமார் 700 கிலோதான். ஏற்றக்கூடிய சுமை 500 கிலோ. சக்கரம் 12 அங்குலம். பின்பக்கம் பட்டை ஸ்பிரிங்கும் டிரம் பிரேக்கும். பல வண்டிகளில் முன்பக்கமும் டிரம் பிரேக்தான்.

அதில் இருந்த இஞ்சினுக்கு 'ஏ12' என்று பெயர். 1171 சி.சி. அன்றைய அளவு முறைப்படி 68 குதிரைச் சக்தி. அடக்கமான இஞ்சின், குறைந்த பெட்ரோலில் நெடுநாள் உழைக்கும். இந்தப் பிக்கப் ஜப்பானில் 1994 வரை தயாரானது. தென்னாப்பிரிக்காவில் 'நிசான் 1400' என்ற பெயரில் 2008 வரை தயாரிக்கப்பட்டது. ஒரு வண்டியின் அடிப்படை வடிவம் 37 ஆண்டுகள் நிலைத்தது என்றால், அதைச் செய்தவர்கள் கணக்கறிந்து செய்தார்கள் என்பது சொல்லாமலே விளங்கும்.

குதிரைக்கு எத்தனை கிலோ?

வண்டியின் வேகம் இஞ்சினை மட்டும் பொறுத்ததல்ல. ஒவ்வொரு குதிரைச் சக்தியும் எத்தனை கிலோவை இழுக்க வேண்டியிருக்கிறது என்பதே முக்கியம். 700 கிலோ டாட்சனில் 68 குதிரைச் சக்தி. வகுத்துப் பார்த்தால், ஒரு குதிரைக்கு ஏறத்தாழ 10 கிலோ.

இன்றைய டோயோட்டா ஹைலக்ஸ் 2.8 டீசல் பிக்கப்பைப் பாருங்கள். 204 குதிரைச் சக்தி என்று பெருமையாகச் சொல்கிறோம். வண்டியின் எடையோ இரண்டு டன்னுக்கு மேல்! அதிலும் ஒரு குதிரைக்கு ஏறத்தாழ 10 கிலோதான் வருகிறது. ஆக, சுமையில்லாத அந்தச் சின்ன டாட்சனைச் சோப்ளாங்கி என்று சொல்வதற்கில்லை. லேசான உடலே அதன் பலம்.

இனி அதே டாட்சனில் பலர் பொருத்திய 'எஸ்ஆர்20டிஇடி' இஞ்சினைப் பார்ப்போம். நிசான் சில்வியா காரில் 1991 முதல் வந்த டர்போ இஞ்சின் இது. 1998 சி.சி.; 205 குதிரைச் சக்தி. கூடுதல் பாகங்களையும் சேர்த்து வண்டியின் எடை 800 கிலோ ஆனது என்றே வைத்துக்கொள்வோம். ஒரு குதிரைக்கு 4 கிலோகூட வராது! மிதித்தால் பாயாமல் என்ன செய்யும்? பையன்கள் சொக்கிப்போவதற்குக் காரணம் இந்தக் கணக்குதான். வண்டி உடைவதற்கும் இதே கணக்குதான் காரணம்.

முறுக்கு எங்கே போகிறது?

குதிரைச் சக்தியைப் பற்றிப் பேசுகிறவர்கள் முறுக்கு விசையை மறந்துவிடுகிறார்கள். இறுகிய நட்டைத் திருப்ப நீண்ட ஸ்பேனரைப் போட்டு அழுத்துகிறோமே, அந்தத் திருகும் பலம்தான் முறுக்கு விசை. பழைய ஏ12 இஞ்சினின் முறுக்கு விசை சுமார் 9.7 கிலோகிராம் மீட்டர். டர்போ இஞ்சினுக்கோ 28. ஏறக்குறைய மூன்று மடங்கு!

இந்த முறுக்கு இஞ்சினோடு நின்றுவிடுவதில்லை. கிளட்ச், கியர்பெட்டி, புரோப்பெல்லர் ஷாப்ட், டிஃபரென்ஷியல், பின் அச்சு, சக்கரம் என்று வரிசையாகக் கடந்து தரைக்குப் போகிறது. சங்கிலியில் எந்தக் கண்ணி மெலிந்ததோ அதுதான் முதலில் அறும். பழைய கியர்பெட்டி பல் உடையும். டிஃபரென்ஷியல் சிதறும். வேகத்தில் போகும்போது ஷாப்ட்டின் முன் மூட்டு அறுந்து, தண்டு தரையில் குத்தினால் வண்டியே நிலைகுலையும்.

ஆகவே இஞ்சினோடு அதற்குரிய கியர்பெட்டியையும் சேர்த்து வைப்பார்கள். அது பெரிது என்பதால் தரைத் தகட்டை வெட்டி, அகலமாக்கிப் பற்றவைக்க வேண்டும். புதிய நீளத்துக்கு ஷாப்ட் செய்து, அதைச் சமன் பார்க்க வேண்டும். கனத்த டிஃபரென்ஷியல் தேட வேண்டும். இஞ்சினின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டி முன்பக்கக் குறுக்குச் சட்டத்தில் இடித்தால் அதையும் வெட்டி மாற்ற வேண்டும்.

பின்பக்கப் பட்டை ஸ்பிரிங்கின் பாடு தனி. திடீரென்று பெரும் முறுக்கு வந்தால், அச்சு தானும் சுழலப் பார்த்து ஸ்பிரிங்கை வளைக்கும். சக்கரம் தரையில் பதியாமல் தடதடவென்று குதிக்கும். அதைத் தடுக்க அச்சுக்கும் சட்டத்துக்கும் இடையே இரும்புக் கைகள் பொருத்துவார்கள். சுமையில்லாத பிக்கப்பின் பின்புறம் லேசாக இருக்கும் என்பது ஓட்டுகிறவர்கள் அறிந்ததே. மழை பெய்து வழுக்கும் செம்மண் பாதையில், 205 குதிரைகள் அந்த லேசான பின்சக்கரத்தைச் சுழற்றினால் வண்டி எந்தப் பக்கம் பார்க்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஓடும் வண்டி நிற்குமா?

பட்டறைக்கு வரும் பையன்கள், "அண்ணே, எவ்வளவு பவர் ஏறும்?" என்றுதான் முதலில் கேட்பார்கள். அனுபவமுள்ள மெக்கானிக்காக இருந்தால், "தம்பி, முதலில் பிரேக்கைக் காட்டு" என்பார்.

காரணம் இருக்கிறது. வேகம் இரு மடங்கானால், வண்டியை நிறுத்த பிரேக் விழுங்க வேண்டிய சக்தி இரு மடங்கல்ல, நான்கு மடங்கு! 60 கிலோமீட்டரில் போகும் வண்டியை நிறுத்துவதைவிட, 120இல் போகும் வண்டியை நிறுத்த நான்கு பங்கு சக்தி வெப்பமாக மாறியாக வேண்டும். பழைய சிறிய டிரம் பிரேக் இரண்டு முறை அழுத்தினாலே சூடேறிவிடும். மூன்றாவது முறை மிதிக்கும்போது மிதிகட்டை இறுக்கமாகவே இருக்கும். வண்டி மட்டும் நிற்காது. மலைச்சாலையில் இப்படி நேர்ந்தால் கதி என்ன?

ஆகவே முன்பக்கம் டிஸ்க் பிரேக், அதற்கேற்ற மாஸ்டர் சிலிண்டர், புதிய பிரேக் குழாய்கள், பெரிய சக்கரம், நல்ல டயர், ஆடாத ஸ்டீயரிங் மூட்டுகள் எல்லாம் கட்டாயம். முன்பக்கம், பின்பக்கம் பிரேக்குகளின் அளவும் ஒத்துப்போக வேண்டும். இல்லாவிட்டால் வெறும் வண்டியில் பின்சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டு வண்டி சுழன்றுவிடும். இவற்றையெல்லாம் இஞ்சின் வாங்கும் முன்பே செய்து முடிப்பவர்தான் விவரமானவர்.

பெட்ரோலும் தீயும்

இன்னொரு ஆபத்து கண்ணுக்குத் தெரியாதது. பழைய கார்புரேட்டருக்குப் பெட்ரோல் 3, 4 பவுண்டு அழுத்தத்தில் போனால் போதும். பெட்ரோலைப் பீய்ச்சும் இஞ்ஜெக்ஷன் இஞ்சினுக்கோ 40 பவுண்டு வேண்டும். பழைய ரப்பர் குழாயையே மாட்டி வைத்தால் அது வெடித்து, கொதிக்கும் டர்போவின் மீது பெட்ரோல் தெளிக்கும். பிறகு நடப்பதைச் சொல்ல வேண்டியதில்லை. உயரழுத்தக் குழாய், சரியான கிளிப், டேங்குக்குத் திரும்பும் குழாய், கைக்கெட்டும் இடத்தில் தீயணைப்பான் ஆகியவற்றில் காசு மிச்சம் பிடிக்கக் கூடாது.

இஞ்சின் வாங்கும்போது 'ஹாஃப் கட்' ஆக வாங்குவது நல்லது. ஜப்பானில் கழித்த காரின் முன்பாதியை அப்படியே வெட்டிக் கொண்டுவருகிறார்களே, அதுதான். இஞ்சினுக்குரிய கம்பிகள், கணினிப் பெட்டி, சென்சார்கள், ரேடியேட்டர் எல்லாம் ஒன்றாகக் கிடைக்கும். வெறும் இஞ்சினை மலிவாக வாங்கிவிட்டு, இவற்றை ஒவ்வொன்றாகத் தேடினால் மிச்சம் பிடித்த பணம் அதிலேயே கரைந்துவிடும்.

நடுவழி ஒன்று உண்டு

இதையெல்லாம் படித்து மனம் சோர்ந்துவிட வேண்டாம். இதே டாட்சனுக்கு அழகான நடுவழி இருக்கிறது. ஏ12 இஞ்சினுக்கு அண்ணன்மார் இருவர் உண்டு. 1397 சி.சி. ஏ14, 1488 சி.சி. ஏ15. ஒரே குடும்பம் என்பதால், பெரும்பாலும் அதே தாங்கிகளில், அதே கியர்பெட்டியோடு பொருந்திவிடும். தகட்டை வெட்ட வேண்டாம். கணினிப் பெட்டியும் வேண்டாம். நம் நாட்டுச் சாலைகளில் பல்லாண்டு ஓடிய நிசான் வேனட் வேனில் இருந்ததும் இந்த ஏ15தான்.

தென்னாப்பிரிக்காவில் 2008 வரை வந்த பிக்கப்பில், தொழிற்சாலையே வைத்த இஞ்சின் எது தெரியுமா? ஏ14! வண்டியைச் செய்தவர்களே இந்த உடலுக்கு இந்த அளவு இஞ்சின் போதும் என்று கருதியிருக்கிறார்கள். சந்தைக்குக் காய்கறி ஏற்றவும், குடும்பத்தோடு கோயிலுக்குப் போய்வரவும் வேண்டிய வண்டிக்கு இதைவிட என்ன வேண்டும்? இஞ்சினில் மிஞ்சும் பணத்தை முன்பக்க டிஸ்க் பிரேக்கில் போட்டால், வீட்டிலிருப்பவர்கள் நிம்மதியாக உறங்கலாம். விரலுக்குத் தக்க வீக்கம் என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

சட்டமும் காப்புறுதியும்

வண்டியின் கிராண்ட்டில் இஞ்சின் எண்ணும் கொள்ளளவும் பதிவாகியிருக்கும். இஞ்சினை மாற்றினால் அந்தப் பதிவும் மாற வேண்டும். 1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் கீழ், அனுமதியின்றி வண்டியின் அமைப்பை மாற்றுவது குற்றம். ஆகவே பணம் கொடுக்கும் முன்பே ஜே.பி.ஜே. அலுவலகத்துக்குப் போய், "இந்த வண்டியில் இந்த இஞ்சினை வைக்க அனுமதி கிடைக்குமா? என்னென்ன பத்திரங்கள் வேண்டும்?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். இஞ்சின் வாங்கிய ரசீதையும் சுங்கப் பத்திரத்தையும் பத்திரமாக வையுங்கள். பத்திரமில்லாத இஞ்சின் மலிவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள். அது திருட்டு வண்டியின் இஞ்சினாகவும் இருக்கலாம். வேலை முடிந்ததும் அங்கீகாரம் பெற்ற சோதனை நிலையத்தில் வண்டியைக் காட்டிச் சோதிக்க வேண்டும்.

காப்புறுதி நிறுவனத்துக்கும் மாற்றத்தைத் தெரிவிக்க வேண்டும். மறைத்துவிட்டால், விபத்து நேரும் நாளில் இழப்பீட்டை மறுக்க அதுவே காரணமாகிவிடும். ஒரு மாலை நேர உல்லாசத்துக்காக, பல வருடச் சம்பளத்தைக் கடனாகச் சுமக்கும் நிலை எந்தக் குடும்பத்துக்கும் வரக் கூடாது.

பெற்றோர் கவனத்துக்கு

வண்டி வேலையில் பிள்ளைக்கு நாட்டம் இருந்தால், "எண்ணெய்க் கையும் அழுக்குச் சட்டையும்தானா உனக்கு?" என்று ஏசாதீர்கள். ஒரு பிக்கப்பின் இஞ்சினை முறையாக மாற்றத் தெரிந்த பையனுக்குப் பற்றவைப்பு தெரியும், மின்கம்பி தெரியும், கணக்குத் தெரியும், பொறுமையும் தெரியும். அந்தக் கைகளுக்கு ஒரு மலேசியத் திறன் சான்றிதழும் சேர்ந்தால், அது வாழ்நாள் முழுதும் சோறு போடும் தொழில். பள்ளித் தேர்வில் பின்தங்கியவர்களும் தொழிற்பயிற்சி நிலையங்களில் சேர்ந்து படிப்படியாக அச்சான்றிதழைப் பெறலாம்.

அதே நேரம், பணம் கேட்டு வரும் பிள்ளையிடம் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். பிரேக்குக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறாய்? ஜே.பி.ஜே.யில் கேட்டுவிட்டாயா? இந்த வண்டியில் உன் தங்கையை ஏற்றிக்கொண்டு போவாயா?

மூன்றுக்கும் தயங்காமல் பதில் சொல்கிறானா? தாராளமாகப் பணம் கொடுங்கள். தயங்கினால், முதலில் பழைய ஏ12 இஞ்சினையே கழற்றித் துடைத்து, மறுபடி பூட்டி ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். அதில் அவன் கற்றுக்கொள்ளும் வேலை, நாளை எந்த இஞ்சினைத் தொடும்போதும் கைகொடுக்கும்.