எட்டாவது முறையும் தாயம் விழவில்லை!

சென்ற சிவராத்திரியன்று பெல்மதுளையை அடுத்த தோட்டமொன்றில், நண்பர் இல்லத்தில் கண்விழித்திருந்தோம். சிறுவர் தாயம் ஆடினர். தாயம் விழுந்தாலன்றிக் காய் இறங்காது என்பது யாவரும் அறிந்ததே. ஏழு முறை உருட்டியும் ஒரு சிறுவனுக்கு அது விழவில்லை. “எட்டாவது முறை விழுந்தே தீரும்” என்று கூறிக் கையிலிருந்த புளியங்கொட்டைகள் அனைத்தையும் பந்தயம் வைத்தான். விழவில்லை. “கட்டைக்கு உன்மேல் கோபமடா” என்றார் அவனுடைய அப்பாயி.

கணக்கைப் பார்ப்போம். தாயக்கட்டை இரண்டு. ஒவ்வொன்றிலும் ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகளும் ஒரு வெறுமையுமாக நான்கு பக்கங்கள். ஒரு கட்டையின் ஒவ்வொரு பக்கத்தோடும் மற்றதன் நான்கு பக்கங்களும் சேரக்கூடுமாதலால், விழும் வகைகள் 16. தாயத்துக்கு உரியவை இரண்டே: முதற் கட்டையில் ஒன்றும் மற்றதில் வெறுமையும், அல்லது முதலில் வெறுமையும் மற்றதில் ஒன்றும். கட்டைகள் சரிசமமாக வார்க்கப்பட்டிருந்தால், எட்டில் ஒரு பங்கு வாய்ப்பு. மூன்று விழ நான்கு வழிகள் உண்டு. ஆறுக்கு ஒரு வழி. இரண்டும் வெறுமையாகிப் பன்னிரண்டு விழவும் ஒரே வழிதான்.

ஒன்றும் வெறுமையும் சேர்வது ஒரே வகை அன்றோ, இரண்டாக எண்ணுவது ஏன் என்று மாணவர் வினவலாம். ஜெர்மானியப் பேரறிஞர் லைப்னிட்சே (1646–1716) இவ்விடத்தில் இடறினார். ஆறு பக்கப் பகடை இரண்டை உருட்டினால், பதினொன்று விழுவதும் பன்னிரண்டு விழுவதும் ஒன்றுபோலவே எளிது என்று எழுதிவிட்டார். உண்மையில் 36 வகைகளுள் பதினொன்றுக்கு இரண்டு, பன்னிரண்டுக்கு ஒன்று. ஒரு பகடைக்குச் சிவப்பு மை தடவி உருட்டிப் பாருங்கள், ஐயம் தீரும்.

இனிச் சிறுவனின் எட்டாவது முறை. முன் ஏழும் தவறின என்பதைக் கட்டை அறியாது. அப்போதும் எட்டில் ஒரு பங்கே வாய்ப்பு. தொடர்ந்து எட்டு முறையும் தாயம் விழாதிருப்பதற்கு 100க்கு ஏறக்குறைய 34 வாய்ப்பு உண்டு. மூவருள் ஒருவருக்கு நேரக்கூடியது! இவ்வூர் மாணிக்கக் குழிகளிலும் ‘இன்னும் ஒரு கூடை’ என்ற இதே எண்ணம் உலவுவதுண்டு. அங்கோ வகைகளை எண்ணிச் சொல்லவும் வழியில்லை.

சூதில் நாடிழந்த நளனுக்குச் சூதின் நுட்பத்தைக் கற்பித்த இருதுபன்னன், முதலில் ஒரு தான்றி மரத்தின் இலையையும் காயையும் கணக்கிட்டே தன் எண்திறனைக் காட்டினான் என்று பாரதம் கூறும். திரிபலையில் சேரும் அந்தத் தான்றிக்காய்தான் அக்காலத்துச் சூதுக்காய்.

நம் சிறுவனுக்குப் பதினான்காம் முறையில் தாயம் விழுந்தது. அதற்குள் அவன் தங்கையின் காய் ஒன்று பழமாகியிருந்தது.