பத்து முதல் பூச்சியம் வரை

எண்ணுவதென்றால் ஒன்றில் தொடங்கி மேலே செல்வதே உலக வழக்கம். ராக்கெட் விடுகிறவர்கள் மட்டும் பத்தில் தொடங்கிக் கீழே இறங்குகிறார்கள். காரணம் எளியது. ஏறுமுகமாக எண்ணினால் எந்த எண்ணில் காரியம் நடக்கும் என்பதை முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். இறங்குமுகமாக எண்ணினாலோ, நடுவில் வந்து சேர்ந்தவனுக்கும் இன்னும் எவ்வளவு மிச்சம் என்பது விளங்கிவிடும். இந்த வழக்கத்தை மக்கள் மனத்தில் பதித்தது விஞ்ஞானக் கூடமன்று, சினிமா! 1929இல் பிரிட்ஸ் லாங் என்ற ஜெர்மானிய இயக்குநர் எடுத்த நிலவுப் பயணப் படத்தில் இந்த எண்ணிக்கை வருகிறது. அது பேசாப் படமாகையால் எண்கள் எழுத்தாகத் திரையில் தோன்றின.

கலையில் பிறந்த எண்ணிக்கை கலைக்கே திரும்பியதில் வியப்பென்ன? மேல்நாட்டு ராக் பாட்டுக்காரர்கள் அதை விடாமல் பிடித்துக்கொண்டார்கள். அவற்றுள் தலையாயது டேவிட் போவியின் 'ஸ்பேஸ் ஆடிட்டி' என்பது என் கருத்து. 1969 ஜூலை 11இல் அது வெளிவந்தது. ஐந்தே நாளில் அப்பல்லோ 11 நிலவை நோக்கிக் கிளம்பிற்று. தரைக் கட்டுப்பாட்டு நிலையம் மேஜர் டாம் என்ற விண்வெளி வீரனோடு பேசுகிறது. பாடும் குரலுக்கு அடியில் மற்றொரு குரல் பத்திலிருந்து எண்ணிக்கொண்டே வருகிறது. கலம் எழும்புகிறது, உலகம் புகழ்கிறது, வீரன் வெளியே வந்து மிதக்கிறான். அப்புறம் தொடர்பு அறுந்துபோகிறது. உலகமே வெற்றி முழக்கத்துக்குக் காத்திருந்த மாதத்தில், திரும்பி வராத ஒருவனைப் பற்றிப் பாட நெஞ்சுரம் வேண்டும் அல்லவா? 2013இல் கனடா நாட்டு வீரர் கிறிஸ் ஹாட்பீல்ட் சர்வதேச விண்வெளி நிலையத்தில் மிதந்தபடியே இதைப் பாடினார். வீரன் பூமிக்குத் திரும்புவதாகச் சொற்களை மாற்றிக்கொண்டார். இறங்கி வரவேண்டியவர் அவர்தாமே!

ஜெர்மானியரான பீட்டர் ஷில்லிங் 1983இல் அதே மேஜர் டாமை மீண்டும் பாட்டில் ஏற்றிப் புகழ் பெற்றார். சுவீடன் நாட்டு 'யூரோப்' குழுவின் 'தி பைனல் கவுண்ட்டவுன்' (1986) நம் விடுதி நண்பர்களுக்கு நன்கு தெரியும். ஆனால் ஒரு வேடிக்கை: பெயரிலே எண்ணிக்கை இருக்கிறதேயொழிய, பாட்டில் ஒருவரும் எண்ணுவதில்லை.

இறங்குமுக எண்ணிக்கை நம் இசைக்குப் புதிதா? தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கமும் கடமும் மாறிமாறி வாசிக்கும் 'குறைப்பை'க் கேட்டுப் பாருங்கள். முழு ஆவர்த்தனம், பாதி, கால் என்று இருவர் பங்கும் சுருங்கிக்கொண்டே வரும். சபையில் இருப்பவர்கள் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். பிறகு இருவரும் ஒன்றுசேர்ந்து முழங்கி, கோர்வையில் பாய்வார்கள். ராக்கெட்டும் அப்படித்தானே எழும்புகிறது?

தமிழ்ச் சினிமாவும் வாளாவிருக்கவில்லை. 1963இல் எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்த 'கலை அரசி'யில் வேற்றுக் கிரகத்தார் இங்கே வருகிறார்கள். அவர்களிடம் விஞ்ஞானம் உண்டு, கலை இல்லை. ஆகவே இசை கற்பிக்க நம் ஊர்ப் பாடகியைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள்! அதே ஆண்டு நவம்பர் 21இல்தான் தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் பறந்தது. 1977இல் வாயேஜர் கலங்களில் அமெரிக்கர் இசைத்தட்டு வைத்து அனுப்பியபோது கேசர்பாய் கேர்கரின் பாட்டும் சக் பெரியின் ராக் பாட்டும் அதில் சென்றன. 55 மொழிகளில் வாழ்த்தும் உண்டு. தெலுங்கு இருக்கிறது, கன்னடம் இருக்கிறது, தமிழ் இல்லை. இதைச் சொல்லி என் தெலுங்கு அறைத்தோழன் என்னைச் சீண்டாத வாரமில்லை.

நான் சாந்திபுரத்துக்காரன். எங்கள் ஊர் சித்தூர் மாவட்டத்தின் மேற்குக் கோடி. கிழக்கே, கடலோரத்தில் ஸ்ரீஹரிகோட்டா. 2022 முதல் அது திருப்பதி மாவட்டம். பாட்டில் வரும் எண்ணிக்கை பத்து நொடி. அங்கே நடப்பதோ ஒரு நாளைக்கு மேல்: 2023இல் சந்திரயான் 3க்கு இருபத்தைந்தரை மணி நேரம். எரிபொருள் நிரப்புவது, அழுத்தம் பார்ப்பது, கருவிகளைச் சோதிப்பது என ஒவ்வொரு வேலைக்கும் அதில் ஓர் இடம் உண்டு. பாட்டைப் போலன்றி அது நிற்கவும் செய்யும். 2019 ஜூலை 15இல் சந்திரயான் 2 புறப்பட 56 நிமிடம் 24 நொடி இருக்கையில் கோளாறு கண்டு நிறுத்தினார்கள். ஒரு வாரம் கழித்தே அது கிளம்பிற்று. 2023 அக்டோபர் 21இல் ககன்யான் சோதனைக் கலம் ஐந்து நொடி இருக்கும்போது நின்றது. அன்றே காலை பத்து மணிக்குப் பறந்தது. எண்ணிக்கையின் உண்மைப் பயன் இங்கேதான் இருக்கிறது: எந்தப் படியிலும் 'நிறுத்து' என்று சொல்ல இடம் தருகிறது.

அந்த எண்களை ஒலிபெருக்கியில் சொல்லிவந்த குரல்களில் ஒன்று வளர்மதி என்ற அம்மையாருடையது. சந்திரயான் 3க்கும் அவர் எண்ணினார். ஆகஸ்டு 23இல் அது நிலவில் இறங்கியது. செப்டம்பரில் அவர் சென்னையில் காலமானார். கோடிக்கணக்கானவர் கேட்ட குரல். பெயரை நாம் அறிந்ததோ அவர் மறைந்த பிறகு.

தமிழிலேயே எண்ணி இறங்கும் பாட்டொன்றை நம் சங்க ஆண்டு விழாவுக்காக எழுதிக்கொண்டிருக்கிறேன். பத்து, எட்டு, ஏழு, ஆறு எல்லாம் ஈரசையாக ஒழுங்காய் வருகின்றன. ஒன்பதும் இரண்டும் மட்டும் தாளத்தில் அடங்காமல் துள்ளுகின்றன. இரண்டை 'ரெண்டு' ஆக்கிச் சமாளித்துவிட்டேன். ஒன்பதுக்கு வழி தெரிந்த நண்பர்கள் விடுதியில் என்னைப் பார்க்கவும்.