பீமன் தங்கிய ஆறு வாரங்கள்

நண்பர் ஒருவர் வெளிநாடு செல்லுமுன், "அண்ணை, நான் திரும்பி வரும்வரை இவனை உங்களிடந்தான் விடவேண்டும்" என்றார். இவன் என்பது பீமன். கிரேட் டேன் இனத்து நாய். எடை 62 கிலோ. என் மனைவியினும் அதிகம். (எவ்வளவு அதிகம் என்பதை எழுத எனக்கு அனுமதியில்லை.)

பெயரில் டென்மார்க் இருப்பினும், இவ்வினம் ஜேர்மனியில் காட்டுப்பன்றி வேட்டைக்கென வளர்க்கப்பட்டதாகும். எங்கள் பீமனோ அயல்வீட்டுப் பூனையைக் கண்டு விறாந்தைத் தூணின் பின்னே ஒளிந்தான். தூணுக்கு இருபுறமும் அவன் தெரிந்தான்.

உணவில்தான் எங்கள் கவலை. ஆழ்ந்த மார்புடைய இத்தகைய நாய்களுக்கு இரைப்பை காற்றால் உப்பி முறுக்கிக்கொள்வதுண்டு. விரைவில் சத்திரசிகிச்சை செய்யாவிடின் சில மணி நேரத்தில் உயிர் பிரிந்துவிடும். பெருநாயைப் பொறுப்பேற்கும் அன்பர்கள் இதனை மறத்தலாகாது. நாங்கள் உணவை மூன்று வேளையாகப் பங்கிட்டு, உண்டபின் ஓடவிடாது கட்டிவைத்தோம். ஆயினும் ஒருநாள் மாலை இளைய மகன் சோறு கொடுத்த கையோடு பந்தையும் எறிந்துவிட்டான். இரவு 8 மணிக்குப் பீமன் வாந்தியெடுக்க முயன்றான். நுரையன்றி ஒன்றும் வரவில்லை. வயிறு மேளம்போல் இறுகியிருந்தது. அயலவரின் சிறு லொறியில் அவனை ஏற்ற நால்வர் தேவைப்பட்டனர். மிருக வைத்தியர் நள்ளிரவுவரை போராடி முறுக்கை நீக்கி, மீண்டும் திரும்பாதவாறு இரைப்பையை வயிற்றுச் சுவருடன் சேர்த்துத் தைத்தார். வெளியே வாங்கில் இருந்த எனக்கு, நண்பரிடம் என்ன சொல்வது என்பதே நினைவு.

சிறியவனை யாரும் ஏசவில்லை. பத்து நாளும் அவன்தான் பீமனருகே பாய் விரித்துப் படுத்தான்.

நண்பர் வந்ததும் நடந்ததை மறையாது கூறினேன். தழும்பைத் தடவியபடி அவர் நெடுநேரம் பேசவில்லை. இவ்வினத்தின் ஆயுள் பெரும்பாலும் 8 முதல் 10 ஆண்டுகளே. பீமனுக்கு அப்போது வயது 6.

படலையைத் தாண்டும்போது அவன் எங்களைத் திரும்பியும் பார்க்கவில்லை. மனைவிக்கு இன்னும் மனத்தாங்கல்தான்.