பட்டாசுத் தொழிலாளரின் இன்சுலின்: கவனிக்கப்படாத நேரக்கணக்கு

சிவகாசி வட்டாரத்தில் ‘மருந்து’ என்றால் முதலில் நினைவுக்கு வருவது வெடிமருந்துதான். அதைக் கையால் கலப்பவருக்கு இன்சுலினைப் பரிந்துரைக்கும்போது, அலுவலகப் பணியாளருக்குச் சொல்லும் அதே அறிவுரை போதாது என்பதை மருத்துவனாகிய நான் தாமதமாகவே உணர்ந்தேன்.

அவர் நாற்பதுகளின் இறுதியில் இருப்பவர். சாத்தூர்ப் பக்கத்துக் கிராமத்துக்காரர். பத்தாண்டுகளுக்கும் மேலாக மாத்திரை சாப்பிடுகிறார். மூன்று வகை மாத்திரைகளை முழு அளவில் எடுத்தும் மூன்று மாதச் சராசரி 10 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கவில்லை. இன்சுலின் என்றதும், “ஊசின்னா கடைசிக் கட்டம்தானே சார்?” என்றார். இந்தக் கேள்வியைக் கேட்காத நோயாளியை நான் பார்த்ததில்லை.

கடைசிக் கட்டம் அல்ல. பிரிட்டனில் 1977இல் தொடங்கி இருபதாண்டுகள் நடந்த பெரும் ஆய்வு ஒன்றைத் தெளிவாகக் காட்டியது: நோய் கண்டறியப்படும்போதே கணையத்தின் பீட்டா செல்கள் ஏறத்தாழப் பாதித் திறனை இழந்திருக்கும், அதன் பிறகும் ஆண்டுக்கு ஆண்டு இழப்பு தொடரும். கரிசல் காட்டுக் கிணற்றை நினைத்துக்கொள்ளுங்கள். மாத்திரைகளில் சில, இருக்கும் ஊற்றிலிருந்து கூடுதலாக இறைப்பவை. சில, வீணாவதைத் தடுப்பவை. ஊற்றே வற்றும்போது வெளியிலிருந்துதான் நீர் கொண்டுவர வேண்டும். இதில் நோயாளியின் தவறு ஏதுமில்லை. தவறு என்றால், தேவை தெரிந்த பிறகும் நாம் தள்ளிப்போடுவதுதான்; அந்த ஆண்டுகளில் கண்ணும் சிறுநீரகமும் பாத நரம்புகளும் கெடுகின்றன.

அவர் இசைந்தார். காலை, இரவு என இரு வேளைக் கலவை இன்சுலின் எழுதிக்கொடுத்தேன். மூன்று வாரம் கழித்து வந்தபோது, அவரே ஊசியை நிறுத்தியிருந்தார். காரணத்தை மெல்லத்தான் சொன்னார். விடியலில் ஊசி போட்டுவிட்டு ஆலை வண்டி ஏறுகிறார். மருந்துக் கலவை வெயில் ஏறுமுன் முடிக்க வேண்டிய வேலை. அதை முடித்துவிட்டுத்தான் தூக்குவாளியைத் திறப்பார். ஒருநாள் கலவை அறையிலேயே வியர்த்துக் கொட்டி, கை நடுங்கியிருக்கிறது.

கலவை இன்சுலினில் விரைந்து செயல்படும் பகுதி அரைமணி நேரத்தில் வேலையைத் தொடங்கிவிடும். அதற்குள் உணவு வேண்டும். ரத்தச் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே போனால் நடுக்கம், மேலும் இறங்கினால் குழப்பம், மயக்கம். சிறு உராய்வே தீப்பற்ற வைக்கும் இடத்தில் அந்த நடுக்கம் ஒருவருடைய ஆபத்து மட்டுமல்ல. வெடிபொருள் படிந்த கையால் சட்டைப்பையிலுள்ள மிட்டாயை எடுத்து வாயில் போடவும் முடியாது. “போர்மேனிடம் சொன்னீர்களா?” என்று கேட்டேன். சொன்னால் வேலை போய்விடும் என்றார். அந்த அச்சம் பொய்யல்ல.

அவர் எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறார் என்று முதல் நாளே நான் கேட்டிருக்க வேண்டும்.

இப்போது அவருக்கு இரவில் ஒருவேளை நீண்டநேரம் செயல்படும் இன்சுலின். 10 யூனிட்டில் தொடங்கி மெல்லக் கூட்டினோம். கணையத்தைத் தூண்டும் மாத்திரையைக் குறைத்தோம். தாழ்சர்க்கரை வரவே வராது என்று சொல்ல முடியாது, வாய்ப்பு குறைவு. வண்டி ஏறுமுன் எதையாவது சாப்பிடுகிறார். வீட்டில் குளிர்பதனப் பெட்டி இல்லை. திறந்த குப்பியை ஈரம் புகாமல் கட்டி, தண்ணீர் வைத்த பானைக்குள் சிறு பானையில் வைத்து நான்கு வாரத்துக்குள் பயன்படுத்துகிறார். நம் ஊர்க் கோடைக்கு அதுவே நல்ல ஏற்பாடு.

2023இல் வெளியான தேசிய ஆய்வு, தமிழகத்தில் வயது வந்தோரில் 14.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு என்றது. பட்டாசு ஆலைகள் மட்டும் விதிவிலக்காக இருக்க முடியாது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடு தேடி வரும் பணியாளர்கள், வேலை நேரத்தையும் உணவு நேரத்தையும் கேட்டுக் குறித்துக்கொள்ளலாம். ஆலைகள், ஊசிக்கு மாறும் முதல் சில வாரங்களுக்கேனும் தொழிலாளியைக் கலவை அறையிலிருந்து லேபிள் ஒட்டவோ பெட்டி அடுக்கவோ மாற்றலாம்.

இதை அவரிடம் சொன்னேன். “அங்க கூலி கம்மி சார்” என்றார். அந்த வித்தியாசத்தை ஈடுகட்டும் ஏற்பாடு இல்லாதவரை, அவர் நோயை மறைக்கவே செய்வார்.