ரெண்டு தேங்காயும் டூ கொக்கனட்ஸும்

நெல்லியடிச் சந்தையில் "ரெண்டு தேங்காய் தாங்கோ" என்றுதான் கேட்பார்கள். "தேங்காய்கள்" என்று கேட்டால் கடைக்காரர் நிமிர்ந்து பார்ப்பார். இரண்டு என்று சொன்ன பிறகு பன்மையை இன்னொரு தடவை சொல்வானேன் என்பது தமிழின் கணக்கு. அஃறிணைப் பெயருக்குக் 'கள்' வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி என்று தொல்காப்பியமே இடம் கொடுத்திருக்கிறது. ஆட்களைச் சொல்லும்போது மட்டும் அதே வாய் "ரெண்டு பிள்ளையள்" என்று மாறிக்கொள்ளும்.

பின்னேரம் ரியூசனில் ஒரு பிள்ளை "டூ கொக்கனட்" என்று எழுதினால், அதைக் கவனக்குறைவு என்று ஏசுவது அநியாயம். தாய்மொழியின் இலக்கணத்தை நன்றாகப் பிடித்துக்கொண்ட பிள்ளை அது.

ஆங்கிலத்தில் ஒருமை, பன்மைக் கணக்கு பெயருக்கு முன்னால் வரும் சொல்லையும் தொடும். 'ஏ', 'ஆன்' இரண்டும் ஒன்று என்னும் பொருளுள்ள ஒரே பழைய சொல்லிலிருந்து பிறந்தவை. உள்ளே 'ஒன்று' ஒளிந்திருப்பதால் அவை பன்மையோடு சேரா. 'ஏ மாங்கோ' சரி, 'ஏ மாங்கோஸ்' பிழை. 'த' என்பதற்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. 'த மாங்கோ', 'த மாங்கோஸ்' இரண்டும் செல்லும்.

எழுத்துத் தமிழில் ஒரு வீடு, ஓர் ஊர் என்று அடுத்து வரும் ஒலியைப் பார்த்து மாற்றுகிறோமே, 'ஏ', 'ஆன்' மாறுவதும் அப்படித்தான். அதனால்தான் 'ஆன் அவர்', ஆனால் 'ஏ யூனிவர்சிட்டி'. எழுத்தை அல்ல, ஒலியைப் பார்க்கவேண்டும். இந்த ஒட்டுறவில் ஆங்கிலேயரே தடுமாறியிருக்கிறார்கள்: 'ஏ நேப்ரன்' என்றிருந்தது காலப்போக்கில் 'ஆன் ஏப்ரன்' ஆகிவிட்டது.

அதிகம் சறுக்கும் இடம் சந்தைப் பையிலேயே இருக்கிறது. ஒரு கிலோ வெங்காயம், ஒரு கிலோ அரிசி: தமிழில் இரண்டும் ஒரே அச்சு. ஆங்கிலத்தில் வெங்காயம் எண்ணக்கூடியது, ஆகவே 'ஏ கிலோ ஒஃப் அனியன்ஸ்'. அரிசி எண்ணப்படாதது, ஆகவே 'ஏ கிலோ ஒஃப் ரைஸ்'. பர்னிச்சர், லக்கேஜ், அட்வைஸ் ஆகியவையும் அரிசியின் கூட்டம். அவற்றுக்கு முன்னால் 'ஏ', 'ஆன்' வராது, பின்னால் 'எஸ்' ஒட்டாது. ஒன்றைத்தான் சொல்லவேண்டுமென்றால் 'ஏ பீஸ் ஒஃப் பர்னிச்சர்'.

'ஏ ஹன்ட்ரட் கொக்கனட்ஸ்' என்பதைப் பார்த்துக் குழம்பவேண்டாம். அங்கே 'ஏ' ஒட்டியிருப்பது நூறோடு, தேங்காயோடு அல்ல.