ஐயத்திற்குரிய நிரலும் அதற்கிடும் வேலியும்

மேசைக் கணினியில் ஒரு நிரலை இயக்குபவர், வழக்கமாகத் தமது அதிகாரம் முழுவதையும் அதற்கு ஒப்படைத்துவிடுகிறார். படம் காட்ட வந்த நிரல் அவருடைய கடிதங்களையும் கணக்குகளையும் படிக்கவல்லது, அழிக்கவும் வல்லது. நிரல் தீயதாக இருக்க வேண்டுவதில்லை. அதிலுள்ள ஒரு பிழையே பகைவனுக்கு வாயிலாகிவிடும்.

இவ்வாபத்தைக் குறைக்கும் முறைக்கு ‘மணற்பெட்டி’ என்று பெயர். பெட்டிக்குள் விளையாடும் குழந்தை மணலை எவ்வளவு வாரியிறைத்தாலும் வீடு பாழாவதில்லை. அதுபோல, நிரலுக்கு வேண்டிய கோப்புகளை மட்டும் அளித்து, ஏனையவற்றை இயங்குதளம் மறைத்துவிடுகிறது.

1979இல் வெளிவந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பின் ‘சிரூட்’ என்னும் வசதி, நிரலின் பார்வையை ஒரு கோப்பகத்துக்குள் அடக்கிற்று. ஆயினும் நிர்வாகியின் அதிகாரம் பெற்ற நிரல் அவ்வேலியைத் தாண்டிவிடக்கூடும். ஒரே வழங்கிக் கணினியைப் பலர் பகிரும் இடங்களுக்கேற்ப, 2000ஆம் ஆண்டில் ஃபிரீபிஎஸ்டி இயங்குதளத்தில் வந்த ‘சிறை’ இக்குறையைப் பெரிதும் நீக்கிற்று. 2008இல் வெளிவந்த குரோம் உலாவி, வலைப்பக்கங்களைக் கையாளும் பகுதியையே இவ்வாறு அடைத்துவைத்தது.

எனினும், இவ்வேலிகள் யாவும் இயங்குதளத்தின் கருப்பகுதியை நம்பியே நிற்கின்றன. அங்கே பிழையிருப்பின் வேலி சாயும். மணற்பெட்டி தீங்கு பரவும் எல்லையைக் குறுக்குமேயொழிய, தீங்கே நேராதென்று உறுதி கூறாது. ஆகவே, எந்நிரலுக்கும் அதன் தொழிலுக்கு வேண்டிய அளவே அதிகாரம் அளிப்பது அறிவுடைமையாகும்.