பலகை படிக்கும் பயணம்

கோடை விடுமுறையில் காட்கோபரிலிருந்து ஊருக்குப் புறப்படும் நம் குடும்பங்களுக்குக் குர்லா முனையம் பக்கத்தில்தான் இருக்கிறது. சிரமமெல்லாம் வண்டி ஏறிய பிறகுதான். கைப்பேசியைக் கொடுத்தால் பிள்ளைகள் அமைதியாகிவிடுவார்கள். ஆனால் வழியை அவர்கள் பார்க்கவே மாட்டார்கள்.

புறப்பட்ட சில மணி நேரத்திற்கு வேறு விளையாட்டே வேண்டாம். 1863-இல் திறக்கப்பட்ட போர்காட் மலைப்பாதையில் ஏறுவதற்காகக் கர்ஜத்தில் பல வண்டிகளின் பின்னால் கூடுதல் எஞ்சின்களை இணைக்கிறார்கள். லோணாவளா வரை சுரங்கங்களை எண்ணச் சொல்லலாம்.

அதன்பின் ஒரு குறிப்பேடும் பென்சிலும் போதும். நிலையப் பெயர்ப்பலகைகளைப் பார்த்து எழுதச் சொல்லுங்கள். சென்னை வழித்தடத்தில் சோலாப்பூர் வரை மராத்தி; கலபுரகி, ராய்ச்சூரில் கன்னடம்; குண்டக்கல், கடப்பையில் தெலுங்கு. இவ்விரண்டு எழுத்துகளும் உருவில் நெருங்கியவை என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். உறக்கத்தில் தவறிய நிலையங்கள் திரும்பும் பயணத்திற்கு.

தின்பண்டச் செலவுக் கணக்கையும் அதே ஏட்டில் எழுதச் செய்யலாம். வங்கிக்காரர் புத்தி என்று சிரிக்க வேண்டாம். பத்து வயது நிறைந்தோர் சேமிப்புக் கணக்கைத் தாமே இயக்க ரிசர்வ் வங்கி 2014-லேயே வழிசெய்துள்ளது.

நம் பிள்ளைகளில் பலர் வீட்டில் தமிழ் பேசுகிறார்கள், பள்ளியில் அதைப் படிப்பதில்லை. அப்படிப்பட்ட பிள்ளைக்கு ஏட்டின் முதல் பக்கத்தில் தமிழ் எழுத்துகளை எழுதிக்கொடுத்து வையுங்கள். அரக்கோணம் வரும்போது நாம் வாய் திறக்காமல் இருக்க வேண்டும். அ, ர, க் என்று கூட்டி, வண்டி நகர்வதற்குள் அது தானே படித்துவிட்டால், பாட்டியிடம் முதலில் சொல்லப்போவது அதைத்தான்.